கல்லில் வெட்டு, காகிதத்தில் வெட்டு

என் மேசை இழுப்பறையில் இரண்டு கறுப்பு அட்டைகள் கிடக்கின்றன. இரண்டும் ‘ட’ வடிவில் வெட்டியவை. ஒன்றை நேராகவும் மற்றதைத் திருப்பியும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் ஒரு சன்னல் திறக்கும். அதைக் காண்டாக்ட் பிரிண்டின்மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தி, எதுவரை படம் என்று முடிவு செய்வோம். நான்கு மூலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டால் அதற்கு வெளியே உள்ளது அச்சில் வராது. 30 வருடம் இந்த வேலை செய்தேன். கோயில், மண்டபம், சத்திரம், அரண்மனை, கல்பாலம் என்று கட்டடப் படங்கள்தான் எனக்குப் பழக்கம். எல்லாம் கறுப்பு வெள்ளை.

1979ல், பதினெட்டு வயதில், தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவின் டார்க் ரூமில் உதவிக்குச் சேர்ந்தேன். முதலாளி கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துக் குடும்பம் நடத்தியவர். மனசெல்லாம் பெரிய கோயில்மேல். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே சைக்கிள் கேரியரில் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்; பின்னால் நான் பையோடு ஓடுவேன். அவரிடம் இருந்தது இரட்டை லென்ஸ் யாஷிகா. 120 ரோல், பன்னிரண்டு படம். கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் மங்கல் கண்ணாடியில் கோயில் இடம் வலம் மாறித் தெரியும். “நடுவுல உள்ளது எங்கயும் போயிடாது தம்பி, ஓரத்தப் பாரு” என்பார். அவரிடம் நான் கற்ற முதல் பாடம் அது. கடைசிப் பாடமும் அதுதான் என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று.

அந்தக் கேமராவின் நெகட்டிவ் சதுரம். பேப்பர் சதுரமில்லை. 8க்கு 10 அங்குலப் பேப்பர் நிறையப் படம் வேண்டுமென்றால் சதுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். 10க்கு 12 பேப்பரில் ஆறில் ஒரு பங்கு. சுற்றிலும் வெள்ளை விட்டுக் கொடுத்தால், காசு கொடுத்தவர் பேப்பரை வீணாக்கிவிட்டோம் என்பார். ஆகவே எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு பக்கம் போயே ஆகவேண்டும். வானத்தை எடுப்பதா, தரையை எடுப்பதா என்பதுதான் கேள்வி.

கட்டடப் படத்தில் வெட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தைக் கேமராவுக்குள் கொண்டுவர அண்ணாந்து பிடித்தோமானால் செங்குத்தான கோடுகள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். மண்டபத் தூண்கள் பின்பக்கமாக விழப்போவது போல இருக்கும். கோபுரத்தில் இந்தக் குற்றம் சட்டென்று தெரியாது. அதுவே மேலே குறுகிப் போகிற உருவம் அல்லவா. ஆனால் பக்கத்தில் ஒரு கொடிமரமோ வாசல் நிலையோ இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு இரண்டு வைத்தியம் இருந்தன. ஒன்று, கேமராவைச் சாய்க்காமல் மட்டமாக வைத்துத் தூரமாகப் போய் எடுப்பது. அப்போது படத்தின் மேல்பாதியில் கோயில் இருக்கும், கீழ்ப்பாதி வெறும் தரை. அந்தத் தரையை டார்க் ரூமில் எடுத்துவிடுவோம். இரண்டாவது வைத்தியம், சாய்ந்து வந்த நெகட்டிவை என்லார்ஜரில் நிமிர்த்துவது. கட்டடத்தின் அடிப்பகுதி விழுகிற பக்கத்தில், பேப்பர் பலகைக்குக் கீழே தீப்பெட்டிகளை அடுக்குவார் முதலாளி. இரண்டு, சில நாள் மூன்று. அந்தப் பக்கம் லென்ஸுக்கு நெருங்கிச் சிறுக்கும். கோபுர உச்சி விலகிப் பெருக்கும். சாய்ந்த தூண்கள் கண்ணெதிரே எழுந்து நிற்கும். லென்ஸைச் சிறுக்கி, உச்சிப் பக்கத்துக்கு இரண்டு விநாடி கூடுதலாக வெளிச்சம் காட்டுவார். ஆனால் சதுரமாக இருந்த படம் இப்போது ஒரு பக்கம் அகன்ற முறம் போல ஆகிவிடும். அதை மறுபடி நாற்கோணமாக்க இரண்டு ஓரமும் வெட்டுப்படும். நிமிர்த்தியதற்குக் கூலி அது.

இந்தத் தொழிலின் பழைய கதையை நான் தேடிப்போனது பின்னாளில்தான். தேடியபோது முதலில் வந்து நின்றவர் லின்னேயஸ் ட்ரைப். 1822ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று அங்குள்ள கோயில்களையும் மடங்களையும் படமெடுத்துவந்தார். அதன்பின் மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 1858 கோடை வரை சுற்றினார்.

அவர் பெரும்பாலும் கண்ணாடியில் எடுக்கவில்லை, காகிதத்தில் எடுத்தார். நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, காயவைத்து எடுத்துப்போவது அந்த முறை. ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய கண்ணாடித் தகட்டைவிட நம் ஊர் வெயிலுக்கு அது தோது. ஒவ்வொரு காகித நெகட்டிவும் ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம், ஒரு தாம்பாளத்தின் அகலம். அன்று படத்தைப் பெருக்கிப் போடும் வழக்கம் இல்லை. நெகட்டிவை உப்பேற்றிய காகிதத்தோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில் படம் வரும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நின்ற இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் கோயிலைப் பார்த்தபடி முக்காலியை ஒரு முழம் தள்ளி வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும். பின்னால் நகர்த்திக்கொள்ள அவரிடம் ‘ட’ அட்டை கிடையாது.

ஆனாலும் அந்தப் படங்களில் வெட்டு இருக்கிறது. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர்கள், குடம் தூக்கி வந்தவர்கள், ஆடு மாடு எதுவும் காகிதத்தில் பதியாது. தெப்பக்குளக் கரையும் சன்னிதித் தெருவும் ஊரே காலிசெய்து போனது போல் கிடக்கும். ஓரம் வெட்டாமலே நேரம் மனிதர்களை வெட்டிவிட்டது. வானத்துக்கும் இதே கதிதான். அந்தக் காகிதம் நீலத்தைக் கண்டால் தாங்காது. வானம் வெளுத்து, திட்டுத்திட்டாக வரும். ட்ரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் பூசி வானத்தைச் சமன் செய்தார். சில படங்களில் மேகமே வரைந்தார். எங்கள் ஸ்டுடியோவில் பென்சிலை ஊசியாகச் சீவிக்கொண்டு மணப்பெண்ணின் முகத்தில் ‘டச்சிங்’ செய்ததற்கும் அதற்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. எங்களுக்கு வானம் வேறு வழியில் வசப்பட்டது. லென்ஸ் முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடியைப் போட்டால் நீலம் கொஞ்சம் கறுக்கும்; ஆரஞ்சுக் கண்ணாடி போட்டால் விமானத்தின் கருங்கல் வெளுத்து முன்னால் வந்து நிற்கும்.

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை ட்ரைப் எடுத்த படங்களை ஒருமுறை பெரிய அளவில் பார்க்க வாய்த்தது. சுவரில் செடி முளைத்து, சாந்து உதிர்ந்து, பாழடைந்து நிற்கிறது அரண்மனை. 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அதைச் செப்பனிட்டார்கள். இன்று நாம் போய்ப் பார்ப்பது செப்பனிட்ட பிறகான அரண்மனை. அதற்கு முன் அது எப்படி நின்றது என்பதற்கு அந்தக் காகிதங்கள் சாட்சி. செடியையும் இடிபாட்டையும் அழகுக் குறைச்சல் என்று ட்ரைப் தள்ளிவிட்டு நல்ல தூண் நாலை மட்டும் எடுத்திருந்தால் அந்தச் சாட்சி இல்லை.

அதே மதுரையில் புது மண்டபத்தை நான் 1983ல் எடுத்தேன். யாளித் தூண்களும் நாயக்கர் சிலைகளும் இருக்கிற அந்த மண்டபத்தில் அன்று தையல்காரர்கள், வளையல் கடை, பாத்திரக் கடை எல்லாம் இருந்தன. தையல் மிஷின் ஓடும் சத்தம் காதடைக்கும். நான் யாளிகளின் கழுத்துக்கு மேலே மட்டும் படம் வைத்தேன். தப்பித் தவறிக் கீழே வந்த மிஷின்களையும் தொங்கிய சட்டைகளையும் டார்க் ரூமில் எடுத்துவிட்டேன். ‘சுத்தமான படம்’ என்று பாராட்டு கிடைத்தது. இன்று கடைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே ஊருக்கே துணி தைத்துக் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்த காட்சி என் படம் ஒன்றில்கூட இல்லை. கல் இன்னும் அங்கே நிற்கிறது. போனவர்களைத்தான் நான் எடுத்திருக்க வேண்டும்.

ட்ரைப்பின் படங்களில் எனக்கு உயிரானது தஞ்சாவூரில் எடுத்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. தான் கொடுத்ததையும், தமக்கை கொடுத்ததையும், மனைவியர் கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் விடாமல் கல்லிலே வெட்டச்சொல்லி இராஜராஜன் இட்ட ஆணையும், அந்தக் கணக்கும் அங்கே இருக்கின்றன. வரிகள் ஒரு கல்லில் தொடங்கி அடுத்த கல்லுக்குத் தாவி ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஒரு படத்துக்குள் எப்படி அடக்குவது? அழகாக ஒரு மூலையைத் தேர்ந்து எடுத்துக் காட்டியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ட்ரைப் முக்காலியைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவ்கள் எடுத்தார். 21 படங்களையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் ஏறத்தாழ 19 அடி.

இதைப் படித்த மறுவாரம் மார்கழிக் காலையில் நான் அந்தச் சுவரிடம் போனேன். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கே எழுவதால் தென்பக்கச் சுவரில் வெயில் நேராக அடிக்காமல் வழித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் எழுத்து ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் நிழலைத் தேக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். உச்சி வேளையில் அதே சுவர் மொழுக்கென்று இருக்கும். முக்காலியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து அதே தூரம், தரையிலிருந்து அதே உயரம், போன படத்தின் ஓரம் இந்தப் படத்தின் தொடக்கத்தில் வந்து சேர வேண்டும். நகர்த்துவதற்குள் வெயில் நகர்ந்துவிடுகிறது. எட்டாவது படத்தோடு என் ரோலும் பொறுமையும் தீர்ந்தன. 12க்கு 15 அங்குலக் காகிதத்தோடு, கம்பெனி உடுப்பில், அந்தக் கல்தரைச் சூட்டில் 21 தடவை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பது ட்ரைப்புக்குத் தெரியாது. இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே அன்றைய ஆய்வாளர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. 1886ல் மதராஸ் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்த எழுத்துகளைப் படித்து, கட்டியவன் இராஜராஜன் என்று சொன்னார். அதற்கு 28 வருடம் முன்னால், பொருள் தெரியாத ஒருவர், பொருள் தெரியாத காரணத்தாலேயே ஒரு எழுத்தையும் விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எது முக்கியம் என்று தெரியாதபோது வெட்டாமல் இருப்பதுதான் யோக்கியம். தமிழில் ‘வெட்டு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கல்லில் வெட்டினால் நிற்கிறது. காகிதத்தில் வெட்டினால் போகிறது.

ட்ரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அரசு பணத்தில் புகைப்படம் எடுப்பது ஆடம்பரம் என்று கருதிக் கடையை மூடச் சொல்லிவிட்டார். அடுத்த பத்தாண்டில் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த எட்மண்ட் லயன் என்ற முன்னாள் படை அதிகாரி கண்ணாடித் தகடுகளோடு தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றினார். அவருடைய படங்களுக்கான குறிப்புகளைக் கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் தொகுத்து 1870ல் வெளியிட்டார். கண்ணாடி வந்ததும் கல்லின் சொரசொரப்புக்கூடத் தெளிவாகப் பதிந்தது. சுருளாக ஒட்டுகிற பொறுமை குறைந்தது.

வெட்டுவதையே கலையாக ஆக்கிய ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. லூசியன் ஹெர்வே, ஹங்கேரியில் 1910ல் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர். 1949ல் மார்சேயில் லெ கொர்பூசியே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்த கட்டடக்கலைஞர் இவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டார். சண்டிகருக்கும் அகமதாபாதுக்கும் வந்து எடுத்தார். பிரிண்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். கட்டடம் முழுதாக இருக்காது. ஒரு பட்டை நிழல், ஒரு கீற்றுச் சுவர், மாடிப்படியின் ஒரு வளைவு. கான்கிரீட்டின் கனத்தை அந்தத் துண்டு சொல்லும், முழுப் படம் சொல்லாது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்டியது பிரிண்டை, நெகட்டிவ் முழுதாக இருந்தது. கொர்பூசியே கட்டடங்களை எடுத்த அந்த நெகட்டிவ்கள் லாஸ் ஏஞ்சலிசில் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் பாதுகாப்பாக உள்ளன. முழுசு ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கும்போதுதான் துண்டுக்கு அழகு.

நம் பக்கத்தில் அப்படி முழுசைக் காத்தது புதுச்சேரி. 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களைச் சிற்பம் சிற்பமாக, மாடம் மாடமாக எடுத்து, லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்த்தது. அவற்றில் பலவற்றைக் கண்காட்சிக்கு வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். சுவர், சுவரில் மாடம், மாடத்தில் சிலை, அவ்வளவுதான். விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் சிலை களவுபோய் ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 2014ல் அது நாடு திரும்பியதற்கு, அந்தச் சிலை கோயில் சுவரிலேயே நின்ற பழைய படம் அந்த ஆவணத்தில் இருந்தது பெரிய சாட்சி. சிலையை மட்டும் காட்டும் படம் சிலை அழகானது என்று சொல்லும். சுவரோடு இருக்கும் படம்தான் அது யாருடையது என்று சொல்லும்.

இவ்வளவும் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் செய்த காரியம் ஒன்று உண்டு.

1986ல் கொள்ளிடக் கரைப்பக்கம் ஒரு சிறிய சிவன் கோயில். கும்பாபிஷேக மலருக்கு முன்மண்டபப் படம் வேண்டும் என்றார்கள். வரிசையாக நான்கு தூண். இடது ஓரத் தூணில் விளக்கெண்ணெய் வழிந்து கறுத்து, பாதி சுண்ணாம்பு அப்பி, அதற்குள் ஏதோ எழுத்து. அடியில் ஒரு துடைப்பம், எண்ணெய் டின். மற்ற மூன்று தூணும் பளிச்சென்று இருந்தன. ‘ட’ அட்டையை நகர்த்தினேன். மூன்று தூணும் நடுவில் நின்றன. ஓரத் தூணில் இரண்டு விரல் அகலம் மட்டும் விட்டேன். கறுத்த பட்டை ஒன்று ஓரத்தில் நின்றால் பார்வை வெளியே வழியாமல் படத்துக்குள்ளேயே இருக்கும். அந்தப் பட்டை இன்னும் கறுக்கட்டும் என்று மற்ற இடத்தைக் கையால் மறைத்து அதற்கு மட்டும் ஐந்து விநாடி கூடுதல் வெளிச்சம் காட்டினேன். முதலாளி பிரிண்டை ஹைப்போ ட்ரேயிலிருந்து எடுத்துச் சிவப்பு விளக்கடியில் பார்த்துவிட்டு, “ஓரம் நல்லா நிக்கிதுடா” என்றார். அவர் என்னைப் பாராட்டிய மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

பிறகு வந்த ஒரு திருப்பணியில் தூண்களைச் சுத்தம் செய்ய மணல் வீச்சு வைத்தார்கள். எண்ணெய்க் கறுப்பு போயிற்று; சுண்ணாம்பு போயிற்று; எழுத்தும் போயிற்று. அதற்கும் சில வருடம் கழித்துக் கல்வெட்டியல் படிக்கிற ஒரு பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அந்தத் தூணின் எழுத்தை முன்பு யாரும் படியெடுக்கவில்லையாம். “மலர்ல உங்க படம் பாத்தேன் ஐயா. நெகட்டிவ் இருக்குமா?” என்றாள்.

நெகட்டிவ் இல்லை. நான் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது, வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து பழைய நெகட்டிவ்களை எடைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உருக்கினால் கொஞ்சம் வெள்ளி தேறும் என்பது அவர்கள் கணக்கு. இந்தத் தூணும் அந்த மூட்டைகளில் ஏதோ ஒன்றில் போயிருக்க வேண்டும். “என்கிட்ட இருக்கறது இதுதாம்மா” என்று பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்து அந்த இரண்டு விரல் பட்டையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் கூடுதலாகக் காட்டிய ஐந்து விநாடி வெளிச்சத்துக்குள்ளே மூன்று வரிகளின் கடைசி எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தன. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒன்றன்கீழ் ஒன்றாக அவற்றை எழுதிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், காணாமல்போன எழுத்துகளுக்காக வரிசையாகப் புள்ளி வைத்தாள். மூன்று வரியும் நோட்டின் அகலம் முழுக்கப் புள்ளிகள், முடிவில் ஒவ்வொரு எழுத்து. எழுதி முடித்துவிட்டு, “இதாவது இருக்கே ஐயா” என்று எனக்கு நன்றி சொன்னாள்.

இப்போது எந்தப் படத்தையும் முதலில் நெகட்டிவின் நான்கு விளிம்பும் தெரியும்படி முழுசாக ஒன்று போட்டு, தேதியும் ஊரும் எழுதி எடுத்து வைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுப்பது. அவற்றை நகர்த்தும்போதெல்லாம், கறுப்புக்குக் கீழே என்ன மறைகிறது என்று ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். அந்தப் புள்ளிகள் என் கண்ணில் நிற்கின்றன.